அடையாறு முகத்துவாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் அடையாறு கடலோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவர்களும், அங்கே அடிக்கடி வந்து போகிறவர்களுமாக நாங்கள் சிலர் இருக்கிறோம். வார இறுதியில் கரையோரம் நடப்போம், பறவை பார்ப்போம், குப்பை எடுப்போம், தேவைப்பட்டால் மனு எழுதுவோம். பதவி, சந்தா எதுவும் கிடையாது. புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கருத்துகள் என்னுடையவை.

முகத்துவாரம் என்று எந்த இடத்தைச் சொல்கிறீர்கள்?

தாம்பரத்துக்குத் தெற்கே ஆதனூர் ஏரிப் பக்கம் தொடங்கும் அடையாறு, சுமார் 42 கிலோமீட்டர் ஓடி வங்கக் கடலுக்கு வருகிறது. வழியில் செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீரும் அதில் சேர்கிறது. கடலைத் தொடும் இடத்தில் வடகரையில் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரம், தென்கரையில் பிரம்மஞான சபையின் பெரிய தோட்டம், அதற்குக் கீழே ஊரூர் குப்பமும் ஆல்காட் குப்பமும். திரு.வி.க. பாலத்தில் பஸ்ஸில் போகும்போது கிழக்கே திரும்பிப் பார்த்தால் அகலமான நீர்ப்பரப்பு தெரியுமே, அதுதான். அங்கிருந்து வடக்கே ஒரு உப்பங்கழி பிரிந்து, சாந்தோம் நெடுஞ்சாலைக்கு அடியில் புகுந்து தொல்காப்பியப் பூங்கா வரை போகிறது. நடுவில் குயிபிள் தீவு. கழியின் பகுதிகள் நிரவப்பட்டு, கட்டடங்கள் வந்துவிட்டதால் இன்று அதைப் பார்த்து யாரும் தீவு என்று சொல்ல மாட்டார்கள். 1746 அக்டோபர் 24-ல் ஆற்காடு நவாபின் படையைப் பிரெஞ்சுக்காரர்கள் தோற்கடித்த அடையாற்றுப் போர் இந்தக் கரையில்தான் நடந்தது.

கடல் நீர் ஏறி இறங்கும் பாதிப்பு கோட்டூர்புரம் பக்கம் வரை உள்ளே தெரியும். இங்கே நான் பேசுவது அந்தப் பகுதியைப் பற்றி மட்டுமே.

அது சாக்கடைதானே? செத்துப்போன ஆற்றை எதற்குப் பார்க்க வேண்டும்?

சாக்கடை கலக்கிறது, உண்மை. மழைநீர் வடிகாலில் திருட்டுத்தனமாகக் கழிவுநீர் இணைப்பு கொடுத்திருக்கிறார்கள். லாரியில் கொண்டு வந்து கொட்டுகிறவர்களும் உண்டு. கோடைக் காலத்தில் ஆற்றில் மேலிருந்து வருவதில் நல்ல நீர் மிகவும் குறைவு. நகரத்துக்குள் இருக்கும் நீளத்தைப் பார்த்தால் மனம் கசந்துபோகும்.

ஆனால் முகத்துவாரம் வேறு. ஒரு நாளைக்கு இரண்டு தடவை கடல் உள்ளே வருகிறது, இரண்டு தடவை வெளியே போகிறது. அந்தப் போக்குவரத்து நடக்கிற வரைக்கும் அங்கே உயிர் இருக்கும். மடவை துள்ளுவதைப் பாலத்தில் நின்றே பார்க்கலாம். நீர் வற்றும்போது சேற்றில் ஒற்றைக் கொடுக்கை மட்டும் பெரிதாக வைத்துக்கொண்டு ஆட்டும் பிடில் நண்டுகள் வெளியே வரும். சேற்றில் தத்தித் தாவும் உளுவை வரும். அவற்றைத் தின்னப் பறவைகள் வரும். இந்த இடத்தைச் செத்தது என்று சொல்லிச் சொல்லித்தான், அதை நிரவவும் அதன்மேல் சாலை போடவும் வசதி செய்து கொடுக்கிறோம். உயிரோடு இருப்பதைத் தங்கள் கண்ணால் பார்த்தவர்கள் அப்படி எளிதாக விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அதற்காகத்தான் வந்து பாருங்கள் என்று எல்லோரையும் கூப்பிடுகிறோம்.

எந்த நேரத்தில் வந்தால் நல்லது?

காலை, மாலை என்று மட்டும் யோசிக்காதீர்கள். நீர் எப்போது வற்றுகிறது என்று பாருங்கள். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே சுமார் பன்னிரண்டரை மணி நேரம். அதனால் ஒவ்வொரு நாளும் நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். இந்த வாரம் காலை ஏழு மணிக்கு வெறும் சேறாகக் கிடந்த திட்டு, அடுத்த வாரம் அதே ஏழு மணிக்கு நீருக்கடியில் இருக்கும்.

வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியே பாதி வேலையைச் செய்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் அதிகம் ஏறி அதிகம் வற்றும். சென்னையில் அந்த வித்தியாசம் சுமார் 1 மீட்டர். அஷ்டமி, நவமி வாக்கில் அதில் பாதிகூட இருக்காது. சரியான நேரம் தெரிய வேண்டுமானால் சென்னைத் துறைமுகத்துக்கான ஓத அட்டவணையை (கடல் நீர் ஏறி இறங்கும் நேரப் பட்டியல்) இணையத்தில் பாருங்கள். துறைமுகத்தில் வற்றியதற்குக் கொஞ்சம் பிந்தித்தான் கழிக்குள் வற்றும். எவ்வளவு பிந்தும் என்பது ஆற்றின் வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

பறவைக்கு: வற்றத் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து. குப்பை எடுக்க: நன்றாக வற்றிய பிறகு. சும்மா உட்கார்ந்து பார்க்க: நீர் ஏறும் நேரம். கடல் நீர் ஒரு தெளிந்த விளிம்பாக ஆற்றுக்குள் நகர்ந்து வருவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

முகத்துவாரம் ஏன் அடிக்கடி அடைபடுகிறது? மண்ணை அள்ளிப்போட்டால் தீர்ந்ததா?

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. குப்பையைப் பற்றிக் கேட்கிறவர்களில் பாதிப் பேராவது இதைக் கேட்டால் நன்றாக இருக்கும்.

நம் கரையோரம் ஆண்டின் பெரும்பகுதியில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. தெற்கிலிருந்து வரும் நீரோட்டத்தை மீனவர்கள் தெண்டி என்பார்கள், வடக்கிலிருந்து வருவதை வண்ணி என்பார்கள். தெண்டி ஓடும் மாதங்களில் ஊரூர் குப்பம் பக்கமிருந்து மணல் ஒரு நாக்காக நீண்டு ஆற்றின் வாயைக் குறுக்கும். வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் வந்தால் அந்த மணலை உடைத்துக் கடலுக்குள் தள்ளிவிடும். பழைய காலத்திலிருந்து நடக்கும் ஏற்பாடு இது. மெரினா இவ்வளவு அகலமாக இருப்பதும் அதே மணல் நகர்வால்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகத்துக்குக் கட்டிய சுவர்கள், வடக்கே போகும் மணலைத் தடுத்து நிறுத்திவிட்டன.

சரி, இப்போது என்ன பிரச்சினை? கடல் நீர் உள்ளே வந்து தங்குவதற்கு எவ்வளவு இடம் இருக்கிறதோ, அவ்வளவு நீர்தான் திரும்ப வெளியே ஓடும். அந்த ஓட்டத்தின் வேகம்தான் வாயைத் திறந்து வைத்திருப்பது. கழியை நிரவினால், கட்டட இடிபாட்டைக் கொட்டினால், சேறு படிந்து மேடானால், உள்ளே வரும் நீரின் அளவு குறையும். வெளியே போகும் வேகம் குறையும். மணல் ஜெயித்துவிடும். வாய் மூடினால் உள்ளே தேங்குவது வெறும் கழிவுநீர்தான். கொசு பெருகும், மீன் சாகும், மழை வந்தால் தண்ணீர் போக வழியில்லாமல் ஊருக்குள் ஏறும்.

மழைக்கு முன் நீர்வளத் துறை இயந்திரம் வைத்து மணலை அள்ளுகிறது. அது தேவைதான். ஆனால் அள்ளிய மணலைப் பக்கத்திலேயே குவித்தால் அடுத்த அமாவாசை அலையே திரும்பக் கொண்டுவந்து போட்டுவிடும். நிலையான தீர்வு, உள்ளே நீர் பரவும் இடத்தைக் காப்பாற்றுவதுதான். 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டபோது, இடையில் எங்கெங்கோ சேர்ந்த நீரும் சேர்ந்து இந்த ஒரே வாய் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. அந்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு முகத்துவாரம் என்பது இயற்கை ஆர்வலர்களின் பொழுதுபோக்கு இல்லை என்று தெரியும்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையில், மாதம் ஒரு புகைப்படம் எடுத்து, தேதியும் நேரமும் குறித்து வையுங்கள். வாய் எங்கே இருந்தது, எவ்வளவு அகலம், எப்போது மூடியது என்று காட்டும் அந்தப் படங்கள் அதிகாரிகளோடு பேசும்போது எங்களுக்குப் பெரிய பலமாக இருக்கின்றன.

சேற்று நாற்றம் தாங்கவில்லையே. அது கழிவுநீரா?

இரண்டும் கலந்திருக்கும். அழுகிய முட்டை வாசனை, உப்புச் சேற்றில் இலை தழை மக்கும்போது இயல்பாகவே வரும். பிச்சாவரம் அலையாத்தி (மாங்குரோவ்) காட்டில் கறுப்புச் சேற்றைக் கிளறினாலும் அதே வாசனைதான். கழிவறை வாடையும் சோப்பு நுரையும் வேறு, அவை கழிவுநீர். கொஞ்ச நாள் பழகினால் மூக்கே பிரித்துச் சொல்லிவிடும். ஏதாவது ஒரு வடிகால் வாயில் வழக்கத்தைவிட அதிக வாடையோ, நிற மாற்றமோ தெரிந்தால் படம் எடுத்து மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் கொடுத்து, புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.

என்னென்ன பறவைகளைப் பார்க்கலாம்?

அக்டோபர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகளின் காலம். சின்னச் சின்ன உள்ளான் வகைகள் சேற்றைக் குத்திக் குத்தித் தின்னும். பழுப்புத்தலைக் கடற்காகங்கள் மணல் திட்டில் கூட்டமாக உட்கார்ந்திருக்கும், ஆலாக்கள் நீருக்குமேல் நின்று நிதானித்துத் தலைகுப்புற விழும். கூழைக்கடா, நீர்க்காகம், சாம்பல் நாரை, வெண்கொக்கு, மீன்கொத்தி எல்லாம் எப்போது போனாலும் கிடைக்கும். சிவந்த நீண்ட கால்களோடு நெடுங்கால் உள்ளான்கள் ஆழமில்லாத இடங்களில் நடக்கும்.

பெயர் தெரியவில்லை என்று தயங்க வேண்டாம். ஜனவரியில் பொங்கலை ஒட்டி நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் யார் வேண்டுமானாலும் சேரலாம். குறைந்தது 15 நிமிடம் ஒரு இடத்தில் பார்த்ததை எண்ணி இ-பேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பதிய வேண்டும், அவ்வளவுதான். 1978 முதல் இயங்கிவரும் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி போன்ற அமைப்புகளோடு ஒரு தடவை நடந்தாலே நிறையக் கற்றுக்கொள்ளலாம்.

ஒரு வேண்டுகோள். திட்டில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைப் படம் எடுப்பதற்காக ஓட்டிப் பறக்கவிடாதீர்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து, திரும்பிப் போகத் தேவையான கொழுப்பைச் சேர்த்துக்கொண்டிருக்கும் பறவைகள் அவை. நாயைக் கயிறு இல்லாமல் விடுவதும் அதே தொந்தரவுதான்.

உடைந்த பாலத்துக்குப் போகலாமா?

பக்கத்தில் நின்று பார்க்கலாம். மேலே ஏறாதீர்கள். 1967-ல் ஆற்றைக் கடந்து போகக் கட்டி, 1977-ல் நீரோட்டத்தில் ஒரு பகுதி இடிந்து விழுந்த பாலம் அது. அன்றிலிருந்து அப்படியே நிற்கிறது. சினிமாவில் பார்த்துவிட்டு இரவில் வருகிறவர்கள் பலர். விளிம்பில் காங்கிரீட் உதிர்கிறது, கீழே இழுப்பு அதிகம். இருட்டிய பிறகு அந்தப் பக்கம் வேண்டாம்.

பாதுகாப்பாக நின்று பார்க்க நல்ல இடங்கள்: திரு.வி.க. பாலத்தின் கிழக்குப் பக்க நடைபாதை, ஊரூர் குப்பத்திலிருந்து வடக்கே மணலில் நடந்து போகும் வழி, பட்டினப்பாக்கம் கடற்கரையின் தென்முனை.

குளிக்கலாமா, படகு விடலாமா?

குளிக்க வேண்டாம். கழிவுநீர் கலந்த நீரில் எலிக்காய்ச்சல் முதல் தோல் நோய் வரை வரலாம். அதைவிட ஆபத்து வாய்ப் பகுதியின் இழுப்பு. நீர் வற்றும் நேரத்தில் இடுப்பளவு ஆழத்தில் நிற்கிறவரையும் கடலுக்குள் கொண்டுபோய்விடும். நீச்சல் தெரிந்தவர்களும் அங்கே தப்பித்து வருவது கடினம்.

படகு: மெட்ராஸ் போட் கிளப்பில் துடுப்புப் படகுப் பயிற்சி நடக்கிறது. 1867-ல் தொடங்கிய கிளப் அது. பொதுமக்களுக்கான படகுச் சவாரி முகத்துவாரத்தில் கிடையாது. அது வேண்டுமானால் கோவளம் கழியை ஒட்டிய முட்டுக்காடு படகுத் துறைக்குப் போங்கள்.

குப்பை எடுக்கும் நாளில் என்ன கொண்டு வர வேண்டும்?

மூடிய காலணி கட்டாயம். சேற்றுக்குள் உடைந்த பாட்டிலும் ஊசியும் இருக்கும். செருப்போடு வந்தால் மணல் பகுதியில் மட்டும்தான் வேலை கொடுப்போம். தடித்த கையுறை, தொப்பி, குடிக்கத் தண்ணீர் உங்கள் பாட்டிலில். கையில் காலில் ஆறாத புண் இருந்தால் அன்று பறவை எண்ணும் குழுவோடு போங்கள். கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டோம் என்று யோசித்துப் பாருங்கள்.

உயிருள்ள சிப்பி, நத்தை, கடற்பாசி ஒட்டிய மரத்துண்டு, காய்ந்த இலைக் குவியல் இவற்றை எடுக்க வேண்டாம். அவை குப்பை இல்லை. மணல்மேட்டில் படர்ந்திருக்கும் அடும்பங்கொடியையும் ராவணன் மீசைப் புல்லையும் மிதிக்காமல் சுற்றிப் போங்கள். மணலைப் பிடித்து வைத்திருப்பவை அவைதான். கிழிந்த வலை மணலில் புதைந்து கிடந்தால் தனியாக இழுக்காமல் ஆள் கூப்பிடுங்கள். அந்த வலையை மீனவர் யாராவது காயப் போட்டிருக்கவும் கூடும். கேட்டுவிட்டு எடுங்கள்.

சேர்ந்த குப்பையை யார் எடுத்துப் போவது என்பதை முன்கூட்டியே மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் பேசி முடிவு செய்த பிறகுதான் தேதியையே குறிப்போம். மூட்டை கட்டிக் கரையில் வைத்துவிட்டுப் போனால் அடுத்த ஏற்றம் அதை ஆற்றுக்குள் இறக்கிவிடும்.

இன்று எடுத்தால் நாளை திரும்ப வந்துவிடுகிறதே. பிரயோஜனம் என்ன?

நியாயமான கேள்வி. கரையில் குப்பை எடுத்து ஆற்றைச் சுத்தம் செய்துவிட முடியாது. மேலே இருக்கும் வார்டுகளில் கால்வாய்க்குள் போடுவது நிற்காத வரைக்கும் மழைதோறும் வந்துகொண்டேதான் இருக்கும். பக்கிங்காம் கால்வாயும் கோட்டூர்புரத்தில் இந்த ஆற்றோடுதான் சேர்கிறது. 1877-78 பஞ்சத்தில் கூலி வேலையாக வெட்டிய கூவம் – அடையாறு இணைப்புக் கால்வாயின் மேல் இன்று பறக்கும் ரயில் ஓடுகிறது, கீழே என்ன ஓடுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆனாலும் நான் போகிறேன். முதல் காரணம், ஒரு பிளாஸ்டிக் பையாவது ஆமையின் வயிற்றுக்குள் போகாமல் நிற்கிறது. இரண்டாவது, எடுப்பதை எண்ணி வகை பிரித்தால் எங்கிருந்து வருகிறது என்று தெரிகிறது. பால் கவர் அதிகமா, தெர்மாகோல் அதிகமா, மருத்துவக் கழிவா என்பதை எழுதி வைத்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்று புரியும். செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை உலகெங்கும் நடக்கும் கடற்கரைத் தூய்மை நாளில் எண்ணுவதையே முக்கியமாக வைத்திருப்பது இதற்காகத்தான். மூன்றாவது, ஒரு காலைப் பொழுது சேற்றில் குனிந்து வேலை செய்தவர் அந்த இடத்தைப் பற்றிச் செய்தி வந்தால் படிக்கிறார், கூட்டம் என்றால் வருகிறார்.

நாங்கள் கம்பெனியிலிருந்து 50 பேர் வருகிறோம். மரக்கன்று நடலாமா?

பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். இந்தப் பதில் பலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது, ஆனாலும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

சேற்றுத் திட்டு காலி இடம் கிடையாது. உள்ளான்களுக்கு அதுதான் சாப்பாட்டுத் தட்டு. அங்கே அலையாத்தியை வரிசையாக நட்டால் படத்தில் பசுமையாக இருக்கும், பறவைக்கு இடம் போய்விடும். அலையாத்தி வகைகளான வெண்கண்டலோ சுரபுன்னையோ எங்கே வளரும் என்பதை உப்பும் ஓத மட்டமும்தான் முடிவு செய்கின்றன. ஒரு சாண் உயரம் தவறினாலும் கன்று அழுகும் அல்லது காயும். நீர் ஒழுங்காக வந்து போனால் விதைகள் தாமாகவே மிதந்து வந்து ஊன்றிக்கொள்ளும். மணல் கரையில் சவுக்கு நடுவதும் அதே மாதிரி தவறு. ஆமை முட்டையிட வெட்டவெளி மணல் வேண்டும்.

சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை திட்டம் போட்டு, மட்டம் பார்த்து, வாய்க்கால் வெட்டி அலையாத்தி நட்ட பகுதிகள் இருக்கின்றன. அது வேறு விஷயம். உங்கள் 50 பேருக்கு எங்களிடம் வேறு வேலை இருக்கிறது. சீமைக் கருவேலங்கன்றுகளை வேரோடு எடுப்பது, வடிகால் வாய்களைப் படம் எடுத்துப் பட்டியல் போடுவது, சேர்ந்த குப்பையை எண்ணுவது. கொஞ்சம் சலிப்பாக இருக்கும், ஆனால் பயன்படும்.

தொல்காப்பியப் பூங்காவும் இதுவும் ஒன்றா?

ஒரே கழியின் பகுதி. 58 ஏக்கர். இடிபாடும் கழிவுமாகக் கிடந்த இடத்தைத் தோண்டி, நீர்ப்பரப்பையும் திட்டுகளையும் மீட்டு, இந்த மண்ணுக்குரிய செடிகளை நட்டு 2011 ஜனவரியில் திறந்தார்கள். அடுத்த கட்டமாக முகத்துவாரப் பக்கம் சுமார் 300 ஏக்கரில் வேலை நடந்தது. இடிபாட்டு மேட்டிலிருந்து பறவைகள் கூடு கட்டும் இடமாக ஒரு நிலம் மாற முடியும் என்பதற்கு நகரத்துக்குள்ளேயே இருக்கும் சான்று அது. நுழைவு நேரமும் கட்டணமும் மாறும், போகும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மீனவர்களுக்கும் உங்களுக்கும் என்ன உறவு?

அவர்கள் ஊருக்கு நாங்கள் போகிறோம். அதை முதலில் நினைவில் வையுங்கள். ஊரூர் குப்பத்து மணல், வீட்டு முற்றம் மாதிரி. அங்கே வலை பின்னுகிறார்கள், கருவாடு காய்கிறது, ஃபைபர் போட் நிற்கிறது. எந்த நிகழ்ச்சி என்றாலும் முதலில் ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் வைப்போம். படம் எடுக்கும் முன் "அண்ணா, எடுக்கலாமா", "அக்கா, எடுக்கலாமா" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள்.

கழியில் வீச்சு வலை போடுகிறவர்களுக்குத்தான் நீர் என்றைக்குக் கெட்டது, வாய் எந்தப் பக்கம் நகர்கிறது, எந்த மீன் வரவில்லை என்று முதலில் தெரியும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் உயிரிழப்பைச் சந்தித்தது சீனிவாசபுரம். கலங்கரை விளக்கத்திலிருந்து கொட்டிவாக்கம் வரை கடலோரமாக மேம்பாலச் சாலை போடும் பேச்சு வந்தபோது, குப்பத்து மக்கள்தான் முன்னால் நின்று எதிர்த்தார்கள், பெசன்ட் நகர்க்காரர்கள் பிறகு சேர்ந்துகொண்டார்கள். 2015-ல் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழாவில் கர்நாடக இசையும் பறையும் ஒரே மணலில் ஒலித்தபோது, சபா பக்கமே போகாதவர்களும் குப்பத்துக்குள் கால் வைக்காதவர்களும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். முகத்துவாரத்தைக் காப்பது பற்றிய எந்தத் திட்டமும் இவர்களை வெளியே தள்ளிவிட்டு அழகுபடுத்துவதாக இருந்தால், அதில் எங்களுக்குப் பங்கு இல்லை.

கழியில் பிடித்த மீன், நண்டை வாங்கலாமா?

குப்பத்தில் விற்பதில் பெரும்பகுதி கடல் மீன்தான். அதைத் தாராளமாக வாங்குங்கள், விடியற்காலையில் வந்தால் துள்ளத் துள்ளக் கிடைக்கும். கழிக்குள் எடுத்த மட்டி, சிப்பி வேண்டாம். நீரை வடிகட்டித் தின்னும் உயிர்கள் என்பதால் கிருமி அவற்றுக்குள் சேர்ந்துவிடும்.

மீன்கள் செத்து மிதந்தால் என்ன செய்வது?

நீண்ட கோடைக்குப் பிறகு பெய்யும் முதல் பெருமழையில்தான் இது பெரும்பாலும் நடக்கிறது. மேலே வடிகால்களில் மாதக்கணக்காகத் தேங்கிய கழிவு ஒரே நாளில் அடித்துக்கொண்டு வந்து, நீரிலிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். மடவையும் ஜிலேபிக் கெண்டையும் வாயைத் திறந்து மேலே வந்து மூச்சுக்குத் திணறும். உடனே தேதி, நேரம், இடம், நீர் ஏறுகிறதா வற்றுகிறதா, எந்த வகை மீன் ஆகியவற்றைக் குறித்துப் படம் எடுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அன்றைக்கே தகவல் கொடுங்கள். மறுநாள் மாதிரி எடுத்தால் நீர் மாறியிருக்கும். செத்த மீனை எடுத்துக் காயவைக்கவோ கோழித் தீவனத்துக்குக் கொடுக்கவோ விடாதீர்கள்.

விநாயகர் சிலைகளைப் பட்டினப்பாக்கத்தில்தானே கரைக்கிறார்கள்?

ஆமாம், சீனிவாசபுரம் கடற்கரை அனுமதிக்கப்பட்ட இடங்களில் ஒன்று. வீட்டில் வைப்பது பச்சைக் களிமண் பிள்ளையாராக இருந்தால் வாளியிலேயே கரைத்துச் செடிக்கு ஊற்றலாம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரையாது. கம்பியும் சாயமும் மாலையின் நூலும் அலையில் சுற்றிச் சுற்றி வரும். கரைப்புக்கு மறுநாள் காலை எங்களுக்கு நிறையக் கைகள் தேவைப்படும். பக்தியோடு வருகிறவர்களிடம் வாக்குவாதம் செய்யாமல், மாலையையும் துணியையும் முன்கூட்டியே கழற்றி வாங்கிக்கொள்வது நல்ல பலன் தருகிறது.

ஆமை நடை என்கிறார்களே, அதில் சேரலாமா?

பங்குனி ஆமைகள் ஜனவரி முதல் ஏப்ரல் வரை இந்தக் கடற்கரையில் முட்டையிட வரும். மாணவர்கள் நடத்தும் கடல் ஆமைப் பாதுகாப்புக் குழு 1988 முதல் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே இரவில் நடந்து, முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான பொரிப்பகத்தில் வைக்கிறது. வார இறுதி இரவுகளில் பொதுமக்களும் நடக்கலாம். டார்ச் அடிக்கக் கூடாது, ஃபிளாஷ் போடக் கூடாது. சுமார் 7 கிலோமீட்டர் மணலில் நடக்கும் தெம்பு வேண்டும், ஆமையைப் பார்ப்பது உறுதியில்லை. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவலை போடக் கூடாது என்ற சட்டத்தை உறுதியாக அமலாக்கினால் நிறையப் பிழைக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? யாரிடம் கேட்பது?

கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதலில் 1991-ல் வந்தது. இப்போதைய அறிவிக்கை 2019-ஆம் ஆண்டினுடையது. கடலுக்கு மட்டும் இல்லை, ஓதம் ஏறும் கழிக்கும் ஆற்றுக்கும் அது பொருந்தும். ஓதத்தின் பாதிப்பு எதுவரை என்பதை, மிக வறண்ட காலத்தில் லிட்டருக்கு 5 கிராம் உப்பு இருக்கும் இடம் வரை என்று கணக்கிடுகிறார்கள். சேற்றுத் திட்டு, அலையாத்தி, ஆமை முட்டையிடும் இடம் ஆகியவை அதிகப் பாதுகாப்புள்ள வகையில் வரும். கழிக் கரையில் முன்பு 100 மீட்டர் வரை இருந்த கட்டுப்பாடு 2019-ல் 50 மீட்டராகக் குறைந்தது, கழியின் அகலம் அதைவிடச் சிறியதாக இருந்தால் அந்த அகலம். இந்தக் குறைப்பு தவறு என்பது என் உறுதியான எண்ணம்.

மண் கொட்டுவதைப் பார்த்தால் லாரி எண், நேரம், இடம் மூன்றும் இருக்கும்படி தூரத்திலிருந்து படம் எடுங்கள். நேரே போய்ச் சண்டை போடாதீர்கள். மாவட்ட ஆட்சியர், மாநிலக் கடற்கரை மேலாண்மை ஆணையம், மாநகராட்சி மூவருக்கும் ஒரே மனுவை அனுப்பி, பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மனு எழுத நாங்கள் உதவுகிறோம்.

குழந்தைகளைக் கூட்டி வரலாமா?

தாராளமாக. ஐந்து வயதுக்கு மேல் என்றால் சேற்றுப் பக்கம் போகாமல் மணலிலும் பாலத்திலும் வைத்துக் காட்டுங்கள். ஒரு பைனாகுலர், ஒரு நோட்டு, பென்சில் போதும். பத்து மணிக்கு மேல் வெயில் ஏறிவிடும், நிழல் கிடையாது. பிடில் நண்டைப் பார்க்க வேண்டுமானால் வளைக்குப் பக்கத்தில் அசையாமல் ஐந்து நிமிடம் உட்காரச் சொல்லுங்கள். நிழல் விழுந்தால் உள்ளே ஓடிவிடும், காத்திருந்தால் ஒவ்வொன்றாக வரும். அடுத்த நடை எந்த ஞாயிறு என்பதை ஓத அட்டவணை பார்த்துத்தான் குறிப்போம். அதனால் நேரம் ஒவ்வொரு தடவையும் மாறும்.